எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்து பயோபிசிக்ஸ் பிஎச்.டி. போகலாமா? (திருத்துறைப்பூண்டி பக்கம்)

முள்ளியாறு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் மூன்றாம் செமஸ்டர் படிக்கிறேன், அரசுக் கல்லூரி. ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. பிளஸ் டூவில் கணக்கு, கம்ப்யூட்டர் குரூப் எடுத்ததால் உயிரியல் பத்தாம் வகுப்போடு சரி. போன செமஸ்டரில் பயோபிசிக்ஸ் என்று ஒரு எலெக்டிவ் பேப்பர் வந்தது, எளிதாக மார்க் வரும் என்று சீனியர்கள் சொன்னதால் எடுத்தேன், அதில் செல் சவ்வு, அயான் சேனல் (சவ்வில் அயான்கள் போய்வரும் புரத வாசல்) என்று ஒரு யூனிட். மேடம் இரண்டு வகுப்பில் நோட்ஸ் கொடுத்து முடித்துவிட்டார், எனக்குத்தான் அது முடியவில்லை.

காரணம் எங்கள் வயல். மேட்டூர் ஜூன் 12 திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வது தனிக்கதை, அதுவரை போர் தண்ணீரை நம்பினால் அது உப்பு. நாற்று நுனி கருகி வெளுத்துப்போகும். அப்பா "உப்பு ஏறிடுச்சு" என்று ஒரே வார்த்தையில் முடிப்பார், வேளாண் ஆபீசில் மண்ணை வாங்கி ஈசி (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) பார்த்துத் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். பொட்டாசியத்தை ஆசையாக எடுத்துக்கொள்கிற வேருக்குப் பக்கத்திலேயே இருக்கிற சோடியத்தைத் தள்ளிவிட ஏன் தெரியவில்லை என்று நான் கேட்டால், சிரிப்பார்கள். இரண்டுக்கும் ஒரே சார்ஜ்தானே?

இப்போது பயோபிசிக்ஸில் பிஎச்.டி. பண்ண வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் உயிரியலே தெரியாமல் யார் சேர்ப்பார்கள்? இன்னொரு எம்.எஸ்ஸி. பயோபிசிக்ஸ் படித்துவிட்டுத்தான் போகணுமா? எந்தப் பரீட்சை எழுதுவது, பிசிக்கல் சயின்ஸா லைஃப் சயின்ஸா? வெளிநாடு எல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு நடக்குமா? வீட்டில் பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதச் சொல்கிறார்கள், அண்ணன் திருப்பூரில் இருந்து அனுப்புகிற பணத்தில்தான் என் படிப்பு ஓடுகிறது, அதனால் ஐந்து வருஷம் காசு கட்டிப் படிக்கிற யோசனையே இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரசலாறு எழுதியது:

தங்கச்சி, நான் கும்பகோணம், பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. இரண்டும் பிசிக்ஸ். இப்போது பெங்களூரில் பயோபிசிக்ஸ் பிஎச்.டி. கடைசிப் பகுதியில் இருக்கிறேன். முதலில் உன் சோடியம் கேள்விக்கு வருகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

சார்ஜ் ஒன்றுதான், அளவு வேறு. பொட்டாசியம் அயானின் ஆரம் சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம், சோடியம் 0.95. சின்னது சுலபமாக நுழையணும், பெரியது மாட்டிக்கணும் என்றுதானே தோன்றும்? பொட்டாசியம் சேனலில் நேர்மாறு, பொட்டாசியம் போகும், சோடியம் நிற்கும். தண்ணீரில் இருக்கும்போது ஒவ்வொரு அயானும் தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை ஒட்டவைத்துக்கொண்டிருக்கும், அதைக் கழற்றினால்தான் சேனலின் குறுகலான இடத்துக்குள் போக முடியும், கழற்றுவதற்கு ஆற்றல் செலவாகும். அந்தக் குறுகலில் புரதத்தின் ஆக்ஸிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்குச் சரியான தூரத்தில் நிற்கின்றன, அதனால் நீரை இழந்த நஷ்டம் அங்கேயே ஈடாகிவிடுகிறது. சோடியம் சிறிசு, அந்த ஆக்ஸிஜன்கள் அதற்கு எட்டாது, நஷ்டம் நஷ்டமாகவே நிற்கும், எனவே உள்ளே வராது. ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் கறார். அப்படியிருந்தும் நொடிக்குக் கோடிக்கணக்கில் அயான்கள் ஓடும். 1998-ல் ராடரிக் மெக்கின்னன் குழு இந்தச் சேனலின் கட்டமைப்பை எக்ஸ்ரே படிகவியலில் எடுத்துக் காட்டியது, 2003-ல் அவருக்கு வேதியியல் நோபல். அவர் படித்தது எம்.டி., டாக்டர். படிகவியலைப் பிறகுதான் கற்றுக்கொண்டார்.

சரி, அப்படியென்றால் உங்கள் நாற்று ஏன் கருகுகிறது? சோடியம் அந்த வாசலில் வருவதில்லை, அவ்வளவு கறார் இல்லாத வேறு வாசல்கள் வேரில் இருக்கின்றன. நெல்லில் எச்.கே.டி. என்ற குடும்பத்துப் புரதம் ஒன்று, மேலே ஏறுகிற சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப எடுத்து இலைக்குப் போகாமல் தடுக்கும். கேரளத்துப் பொக்காளி நெல் உப்பைத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இதைக் கேட்டுவிட்டு "எனக்கு உயிரியல் தெரியாது" என்று எழுதியிருக்கிறாய். கூலும் விதி, ஆற்றல் கணக்கு, போல்ட்ஸ்மான் காரணி, இதற்குமேல் அந்தக் கறாரை விளக்க என்ன வேண்டும்?

இன்னொரு எம்.எஸ்ஸி. வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகம் கிண்டி வளாகத்தில் நடத்தும் எம்.எஸ்ஸி. பயோபிசிக்ஸ் நல்ல படிப்புதான், பி.எஸ்ஸி. முடித்தவர் கேட்டால் போ என்பேன். கையில் ஒரு எம்.எஸ்ஸி. இருக்கும்போது இரண்டு வருஷத்தை அதில் கொடுக்காதே. உயிரியலை லேபில் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம், எல்லாரும் அப்படித்தான். பிறகு கற்க முடியாமல் தவிப்பது ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ். எங்கள் லேபில் பயோடெக் படித்து வந்த நல்ல கெட்டிக்காரர்கள் என்ட்ரோப்பி என்றாலே முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன், அதனால் அந்தப் பேப்பரை மட்டும் மார்க்குக்காகப் படிக்காதே. கூடவே பைத்தான்.

பரீட்சை, பிசிக்கல் சயின்ஸே எழுது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் வருஷத்துக்கு இரண்டு முறை, கடைசி வருஷ மாணவர்களும் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000, 2023 ஜனவரியில் இருந்து இந்தக் கணக்கு, ஹாஸ்டல் இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. அதாவது நீ காசு கட்டப்போவதில்லை, உனக்குத்தான் கொடுப்பார்கள். வீட்டில் இதை முதலில் சொல். கூடவே கேட், ஜெஸ்ட் நுழைவுத் தேர்வுகளையும் எழுது. என்.சி.பி.எஸ்., டி.ஐ.எஃப்.ஆர். ஆகிய ஆராய்ச்சி நிறுவனங்கள் பக்கம் உயிரியல் சேர்க்கைக்கு ஜேஜீபில்ஸ் என்று ஒரு தேர்வு உண்டு, பேரில் பயாலஜி இருக்கிறதே என்று ஒதுங்காதே, பிசிக்ஸ்காரர்களும் எழுதலாம், கணக்கும் யோசனையுமாகக் கேள்விகள் வரும். இடங்கள் என்றால் ஐ.ஐ.எஸ்ஸி.யின் மாலிக்யூலர் பயோபிசிக்ஸ் யூனிட், என்.சி.பி.எஸ்., ராமன் ஆராய்ச்சி நிலையம், சென்னையில் ஐ.எம்.எஸ்ஸி.யும் ஐ.ஐ.டி.யும், ஐதராபாதில் சி.சி.எம்.பி., டெல்லி எய்ம்ஸில்கூட பயோபிசிக்ஸ் துறை இருக்கிறது.

நேர்காணலில் புரதப் பெயர் கேட்டு மிரட்ட மாட்டார்கள். "ஒரு பாக்டீரியா நீந்துகிறது, ரெனால்ட்ஸ் எண் எவ்வளவு இருக்கும், தோராயமாகச் சொல்" என்பார்கள். நிலைமத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள விகிதம்தான் அது. இரண்டு மைக்ரான் உடம்பு, நொடிக்கு முப்பது மைக்ரான் வேகம், தண்ணீரின் பாகுநிலை, பெருக்கி வகுத்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. உடனே அடுத்தது வரும், "வாலைச் சுழற்றுவதை நிறுத்தினால் எவ்வளவு தூரம் சறுக்கிப்போய் நிற்கும்?" ஓர் அணுவின் அகலம்கூடப் போகாது. நிலைமம் என்பதே அங்கே செல்லாக்காசு. இதைப் போர்டில் போட்டுக் காட்டத் தெரிந்தால் உயிரியல் தெரியாததை மன்னித்துவிடுவார்கள்.

என் வேலை என்னவென்று கேட்பாய். ஆப்டிகல் ட்வீசர், லேசர் ஒளியால் ஒரு மைக்ரான் மணியைப் பிடித்து நிறுத்துவது. ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-ல் நோபல் கிடைத்ததே, அது. செல்லுக்குள் சரக்கு தூக்கும் கைனசின் என்ற புரதம் ஒரு அடிக்கு 8 நானோமீட்டர் வைத்து நடக்கும், ஐந்தாறு பிக்கோநியூட்டன் எதிர்த்து இழுத்தால் நின்றுவிடும், அந்த ஒவ்வொரு அடியையும் திரையில் படிக்கட்டு மாதிரி பார்க்கலாம். கேட்க அழகாக இருக்கும். நடப்பு என்னவென்றால் காலையில் வந்து பஃபர் கலக்கணும், பி.எச். பார்க்கணும், ஸ்லைடின் மேல் டபுள் டேப் ஒட்டி அதன்மேல் கவர்ஸ்லிப் அழுத்தி ஒரு சந்து செய்து அதில் பிப்பெட்டால் விடணும், உள்ளே ஒரு குமிழி நின்றால் மறுபடி முதலிலிருந்து. அளக்கும்போது ஏசியை நிறுத்திவிடுவோம், காற்று பட்டால் கோடு ஆடும். வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இதில் ருசி வருகிறதா என்று பார்த்துக்கொள்.

மன்னைவாசி எழுதியது:

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் எம்.எஸ்ஸி. பிசிக்ஸ்தான், மன்னார்குடியில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறேன். அரசலாறு சொல்வதெல்லாம் உண்மை, ஆனால் ஜே.ஆர்.எஃப். என்பதை ஏதோ ரேஷன் கார்டு மாதிரி சொல்கிறார். எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? கிடைக்காதவர்கள் சும்மா ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு, ஃபெல்லோஷிப் இல்லாமல், கெஸ்ட் லெக்சரர் வேலை பார்த்துக்கொண்டே ஏழெட்டு வருஷம் இழுப்பதை நம் பக்கத்தில் எவ்வளவு பார்க்கிறோம். முடித்த பிறகும் போஸ்ட்டாக், அப்புறம் இன்னொரு போஸ்ட்டாக். பெண் பிள்ளை, வீட்டில் எத்தனை நாள் பொறுப்பார்கள்? பி.எட். முடித்து பி.ஜி. டி.ஆர்.பி.யில் ஜெயித்தால் சொந்த மாவட்டத்துக்குள்ளேயே வேலை கிடைக்க வாய்ப்பு. இப்போது ஆல்ஃபாஃபோல்டு வேறு வந்துவிட்டது, புரதத்தின் உருவத்தை கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது, 2024-ல் நோபலும் கொடுத்துவிட்டார்கள். இனி இந்தத் துறையில் புதிதாக என்ன இருக்கிறது?

அரசலாறு எழுதியது:

ஃபெல்லோஷிப் இல்லாமல் சேராதே என்பதில் மன்னைவாசி சொல்வதுதான் சரி, அதை நான் அழுத்திச் சொல்லியிருக்கணும். கையில் ஜே.ஆர்.எஃப். அல்லது மாதச் சம்பளம் தருகிற நிறுவனச் சேர்க்கை, இரண்டில் ஒன்று இல்லாமல் கையெழுத்துப் போடாதே, எந்த கைடு எவ்வளவு இனிமையாகப் பேசினாலும். நெட் தேர்விலேயே இப்போது மூன்று தரம் உண்டு, 2024-லிருந்து "பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும்" தகுதி என்று ஒன்று தருகிறார்கள், அதில் பணம் வராது, அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

ஆல்ஃபாஃபோல்டு விஷயம் அப்படியில்லை. அது சொல்வது பெரும்பாலும் ஒரு நிலையில் நிற்கிற உருவம். கைனசின் நின்றால் நமக்கு என்ன பிரயோஜனம், நடக்கணும். ஒரு மருந்து வந்து ஒட்டும்போது புரதம் எப்படி நெளிகிறது, எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு விசையில் கழலும், இதெல்லாம் இன்னும் அளந்துதான் பார்க்க வேண்டும். உருவம் இலவசமாகக் கிடைப்பதால் எங்கள் வேலை கூடியிருக்கிறது.

"பெண் பிள்ளை" பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எங்கள் லேபில் பாதிப்பேர் பெண்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்லூரியில் பிசிக்ஸ் லேபில் காலம் தள்ளியவன் நான், இப்போது ஓய்வு. ராமச்சந்திரன் பேரை இன்னும் யாரும் எடுக்கவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பிசிக்ஸ் படித்தது திருச்சி செயின்ட் ஜோசப்ஸில், அம்மா, உன் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிசிக்ஸ் துறைக்குத் தலைவராக வந்தார், இரண்டு வருஷத்தில் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜனுக்கு மூன்று இழை முறுக்கு என்று எழுதினார். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கிற புரதம் அது. 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து போட்ட வரைபடத்தைத்தான் இன்றைக்கும் உலகத்தில் எந்தப் புரதக் கட்டமைப்பை வெளியிட்டாலும் சரிபார்க்கிறார்கள். அதில் என்ன கணக்கு? புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு திருப்பங்கள். இரண்டு கோணங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்து, எந்தெந்தக் கோணத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, எதில் இடிக்கவில்லை என்று குறித்தார்கள். இடிக்காத இடங்கள் வரைபடத்தில் சில தீவுகளாக வந்தன. கம்ப்யூட்டர் கைக்கெட்டாத காலம். முப்பரிமாண வடிவியல் தெரிந்தவன் எவனும் புரிந்துகொள்ளலாம். நீயே பைத்தானில் ஒரு வாரத்தில் போட்டுப் பார்க்கலாம், போட்டுப் பார்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனையும் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். பிசிக்ஸில் 1976-ல் பிஎச்.டி. வாங்கிவிட்டு, மறுபடி மாணவராக உயிரியல் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவர், ரைபோசோமுக்காக 2009-ல் நோபல். நல்ல கதைதான், ஆனால் அதை வீட்டில் சொல்லி சம்மதம் வாங்க முடியாது, எனக்குத் தெரிந்து யாரும் வாங்கியதில்லை.

நான் எழுத வந்தது வேறு. நான்காம் செமஸ்டரில் ப்ராஜெக்ட் இருக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகள் அதற்கு வெளியில் காசு கொடுத்து ஏதாவது ஒரு நானோ துகள் செய்து, எக்ஸ்ஆர்டி எடுத்து, பைண்ட் செய்து கொடுத்துவிடுகிறார்கள். கைடும் கையெழுத்துப் போடுகிறார். நேர்காணலில் "இதில் நீ செய்தது எது" என்று கேட்டால் விழிக்கிறார்கள். நீ அதைச் செய்யாதே. உன் கல்லூரியிலேயே, கிட்டத்தட்ட செலவில்லாமல், போல்ட்ஸ்மான் மாறிலியை அளந்துவிடலாம்.

தாவரவியல் துறையில் 40 மடங்கு லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப் கட்டாயம் இருக்கும், போய்க் கேள், இல்லை என்று சொன்னால் ஹெச்.ஓ.டி.யிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போ. ஹோமோஜெனைஸ் செய்த பாக்கெட் பால் ஒரு சொட்டை நிறையத் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டு கவர்ஸ்லிப் போடு. கறந்த பால் வேண்டாம், கொழுப்புத் துளிகள் பெரிசு பெரிசாக இருக்கும், மேலே மிதந்துவிடும். கவர்ஸ்லிப்பின் நான்கு ஓரத்தையும் நெயில் பாலிஷ் தடவி அடைத்துவிடு, இல்லையென்றால் நீர் ஆவியாக ஆவியாக எல்லாத் துளியும் ஓரத்தைப் பார்த்து ஓடும், நீ அதைப் பிரௌனியன் இயக்கம், அதாவது நீர் மூலக்கூறுகள் இடிப்பதால் வரும் துடிப்பு, என்று எழுதுவாய். செல்போனை ஐபீஸில் வைத்து வீடியோ எடு. இமேஜ்ஜே என்ற மென்பொருள் இலவசம், ஒவ்வொரு துளியும் ஃபிரேமுக்கு ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று அதில் பின்தொடரலாம். நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தைச் சராசரி எடுத்து நேரத்துக்கு எதிராகப் போட்டால் நேர்கோடு. ஒரு மைக்ரான் துளி என்றால் நம் ஊர் வெயிலில் நொடிக்கு சுமார் 2 சதுர மைக்ரான் வரணும். அந்தச் சரிவில் நான்கில் ஒரு பங்கு விரவல் குணகம், அதை ஸ்டோக்ஸ்–ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் போட்டால் மாறிலி வந்துவிடும்.

இதில் எல்லாரும் சறுக்குகிற இடம் ஸ்கேல். திரையில் ஒரு பிக்ஸல் எத்தனை மைக்ரான்? ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் இருந்தால் சரி, பல கல்லூரியில் இருக்காது, இருந்ததும் காணாமல் போயிருக்கும். உன் பிசிக்ஸ் லேபில் ஸ்பெக்ட்ரோமீட்டரோடு வைக்கிற கிரேட்டிங் இருக்கிறதே, மீட்டருக்கு ஆறு லட்சம் கோடு, அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 1.67 மைக்ரான், கோடுகள் நன்றாகவே தெரியும். இருபது கோட்டை எண்ணி பிக்ஸலால் வகுத்துக்கொள். வருஷா வருஷம் சோடியம் விளக்கு வைத்து அலைநீளம் கண்டுபிடித்து அலுத்துப்போன கிரேட்டிங்குக்கும் ஒரு புது வேலை.

வருகிற எண் பாடப்புத்தக எண்ணிலிருந்து முப்பது சதவீதம் விலகினால் கவலைப்படாதே, ஏன் விலகியது என்று இரண்டு பக்கம் எழுது. துளிகள் எல்லாம் ஒரே அளவில்லை, ஆரம் ஒருபடித்தாய் எடுத்தது தப்பு, கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிற துளி மெதுவாக நகரும், இப்படி. எந்தத் தேர்வுக் குழுவும் அந்த இரண்டு பக்கத்தைத்தான் படிக்கும்.

மாயவரத்துக்காரி எழுதியது:

வாத்தியார் சார் சொன்ன ப்ராஜெக்ட்டை நான் எம்.எஸ்ஸி.யில் படித்திருந்தால் செய்திருப்பேன். நான் அமெரிக்காவில் பயோபிசிக்ஸ் பிஎச்.டி. முடித்தவள், மயிலாடுதுறை. வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தாய், தங்கை, அதற்கு மட்டும் சொல்கிறேன்.

நடக்கும். பணக்காரப் பிள்ளைகள்தான் போகிறார்கள் என்பது எம்.எஸ். படிப்புக்குப் பொருந்தும், லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போவது அதுதான். பிஎச்.டி. வேறு. அமெரிக்காவில் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் ட்யூஷன் கட்டணம் தள்ளுபடி, மாதம் ஸ்டைபண்ட், இன்ஷூரன்ஸ், பதிலுக்கு நீ வகுப்பில் உதவி ஆசிரியராகவோ லேபிலோ வேலை செய்ய வேண்டும். ஐந்து ஆறு வருஷம் ஆகும். செலவு விண்ணப்பத்தில்தான், ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுபத்தைந்து, நூறு டாலர் என்று கேட்பார்கள், பத்து இடத்துக்குப் போட்டால் நம் வீட்டுக் கணக்கில் பெரிய தொகை. கட்டண விலக்கு கேட்டு எழுது, வெட்கப்படாதே, நிறைய இடத்தில் அதற்கென்றே ஒரு படிவம் இருக்கும். ஜி.ஆர்.ஈ.யைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை. கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும், சேர்வது அடுத்த ஆகஸ்ட். மூன்று பேர் சிபாரிசுக் கடிதம் எழுதணும், இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் தோற்பது. "இந்த மாணவி ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார்" என்று ஒரு கடிதம் போகும், படிக்கிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை. நீ செய்ததை நீயே ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடு. கிரேட்டிங்கை வைத்து ஸ்கேல் பிடித்தாள் என்று ஒரு வரி இருந்தால் போதும், யாரும் மறக்க மாட்டார்கள்.

அங்கே எனக்குப் பிடித்தது ரொட்டேஷன். முதல் வருஷம் யாரிடமும் மாட்டிக்கொள்ளாமல், இரண்டு மூன்று லேபில் சில வாரங்கள் வீதம் வேலை செய்து பார்த்துவிட்டு கைடைத் தேர்ந்தெடுக்கலாம். பயோபிசிக்ஸுக்கு இது ரொம்ப முக்கியம், ஒரு லேபில் நாள் முழுக்கப் புரதம் சுத்திகரிப்பு, இன்னொன்றில் வெறும் சிமுலேஷன், மூன்றாவதில் லேசர், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். கோர்ஸ் முடித்து இரண்டாம் வருஷத்தில் தகுதித் தேர்வு, ஒரு ஆராய்ச்சித் திட்டம் எழுதி ஐந்து பேராசிரியர் முன்னால் நின்று காப்பாற்றணும். இந்தியாவில் பல இடத்தில் நேராக ஒரு கைடிடம் போய்ச் சேர்கிறோம், அதனால் நீயே உன் ரொட்டேஷனைச் செய்துகொள்ளணும்.

எப்படி என்றால், அந்த லேபில் இப்போது இருக்கும் மாணவர்களிடம் பேசு, கைடுக்குத் தெரியாமல், போனில், மெயிலில் அல்ல. கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருஷம் ஆனது, பேப்பரில் யார் பேர் முதலில் வருகிறது, நடுவில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள், ஏன். ஞாயிற்றுக்கிழமை யார் வேலை செய்கிறார்கள் என்று கேள், சிரித்தால் நல்ல இடம், மௌனம் வந்தால் யோசி. நான் அமெரிக்கா போகும் முன்னால் இங்கே ஒரு இடத்தில் சேர்ந்தேன், பேர் வேண்டாம். பெரிய பேர் உள்ள கைடு. கருவி உடைந்து கிடந்தது, "வந்துவிடும் வந்துவிடும்" என்று வருஷம் ஓடியது, இடையில் அவர் வீட்டுப் பிள்ளைக்கு ஹோம்வொர்க் நான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் முதல் நாளே அந்த லேப் சீனியர் ஒருவர் டீக்கடையில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார், அதனால் நான் அப்போதிலிருந்தே வெளியில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு இன்றும் நன்றி.

ஜெர்மனி என்றால் கதை வேறு. எம்.எஸ்ஸி. முடித்தவர்களை நேராக எடுப்பார்கள், பிஎச்.டி. அங்கே வேலை ஒப்பந்தம், சம்பளம் உண்டு, மூன்று நான்கு வருஷத்தில் முடியும். மேக்ஸ் பிளாங்க் நிறுவனங்களின் ஐ.எம்.பி.ஆர்.எஸ். பள்ளிகளைத் தேடு. அங்கே விசாவுக்கு இந்திய மாணவர்களிடம் பொதுவாக ஏ.பி.எஸ். சான்றிதழ் கேட்கிறார்கள், பிஎச்.டி.க்கு உனக்குப் பொருந்துமா என்று முதலிலேயே பார்த்துக்கொள், வாங்க நாள் ஆகும்.

முள்ளியாறு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அரசலாறு அண்ணா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், சோடியம் பகுதியை இரண்டு தடவை கேட்டார், அப்புறம் "37,000 மாசமா, வருஷமா?" என்றார். மாசம் என்றதும் ஒன்றும் சொல்லவில்லை, அது எங்கள் வீட்டில் சம்மதம் மாதிரிதான்.

மன்னைவாசி சார், கோபம் இல்லை. பி.எட். அப்ளிகேஷனும் போட்டு வைக்கிறேன். நெட் இரண்டு முறை எழுதிப் பார்க்கிறேன், வராவிட்டால் அங்கே.

வாத்தியார் ஐயா, தாவரவியல் துறையில் கேட்டேன், மைக்ரோஸ்கோப் கொடுத்தார்கள், சனிக்கிழமை மட்டும். பால் போட்டுப் பார்த்தேன், துளிகள் துடிக்கின்றன! ஆனால் எல்லாமே சேர்ந்து இடது பக்கமாக நகர்கின்றன. நெயில் பாலிஷ் அடைத்திருக்கிறேன். இது ஏன்? இன்னொரு சந்தேகம், உப்புத் தண்ணீரில் பாலைக் கலந்தால் துடிப்பு மாறுமா? எங்கள் போர் தண்ணீரையே எடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை.

பழைய வாத்தியார் எழுதியது:

முதலில் மேலே ஃபேன் ஓடுகிறதா பார், ஓடினால் நிறுத்து. மைக்ரோஸ்கோப் விளக்கு ஒரு பக்கம் சூடேற்றினாலும் உள்ளே நீரோட்டம் வரும், விளக்கைக் குறைத்து, ஸ்லைடு போட்டுக் கால்மணி நேரம் விட்டுவிட்டு வீடியோ எடு. அப்படியும் நகர்ந்தால் மேஜை மட்டமாக இல்லை, அல்லது எங்கோ ஓர் ஓரம் சரியாக அடையவில்லை. கொஞ்சம் மிச்சமிருந்தால் கவலையில்லை, ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாத் துளிகளின் சராசரி நகர்வைக் கண்டுபிடித்துக் கழித்துவிடு, தனித்தனியாகத் துடிப்பது மட்டும் மிஞ்சும். கழிக்காமல் கோடு போட்டால் நேர்கோடு வராது, மேல்நோக்கி வளையும், அதை வைத்தே ஓட்டம் இருப்பதைக் கண்டுகொள்ளலாம்.

உப்பால் தண்ணீரின் பாகுநிலை பெரிதாக மாறாது, கடல்நீர் அளவுக்கு உப்பு இருந்தாலும் பத்து சதவீதத்துக்குள்தான், எனவே துடிப்பும் அவ்வளவாக மாறாது. ஆனால் துளிகள் ஒன்றையொன்று தள்ளி நிற்பதற்கு அவற்றின் மேற்பரப்பு மின்சுமையும் ஒரு காரணம், உப்பு அதை மறைத்துவிடும், அந்த மறைப்புத் தூரம் உப்பே இல்லாத காய்ச்சி வடித்த தண்ணீரில் நூறு நானோமீட்டர் போல இருக்கும், நம் ரத்தத்தில் இருக்கிற அளவு உப்பில் ஒரு நானோமீட்டருக்கும் கீழே வந்துவிடும். துளிகள் கூட்டம் கூடுகின்றனவா பார். பாலில் கேசீன் என்ற புரதமும் துளியைச் சுற்றி நின்று காப்பாற்றும், அதனால் கூடாமலும் போகலாம். எது நடந்தாலும் எழுதத்தகுந்ததுதான். உன் போர் தண்ணீரில் கால்சியமும் இருக்கும், அது சோடியத்தைவிட வேகமாக வேலை செய்யும், எனவே சமையல் உப்பைத் தனியாக ஒரு பாட்டிலில் கரைத்து முதலில் அதைச் செய், போர் தண்ணீரைப் பிறகு. ஈசி எழுதிக் கொடுத்த தாள் வீட்டில் இருந்தால் எடுத்து வை.

அரசலாறு எழுதியது:

வீடியோவை எங்காவது ஏற்றி இங்கே லிங்க் போடு. டிராக் பண்ணுவதற்குப் பைத்தானில் டிராக்பை என்று ஒன்று இருக்கிறது, இமேஜ்ஜேயைவிட வேகம், சராசரி நகர்வைக் கழிக்கிற வேலையும் அதிலேயே ஒரு வரிதான். இன்ஸ்டால் ஆகாமல் அடம்பிடித்தால் எர்ரரை அப்படியே ஒட்டு, பார்த்துச் சொல்கிறேன்.